சுங்கை சிப்புட் தோட்டத்திலிருந்து வெளிப்புறப் பயிற்றுநர் வேலைக்கு: எங்கே தொடங்குவது?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த ஒரு தங்கை கேட்டிருக்கிறாள்: "அக்கா, எனக்கு 22 வயது. பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்துவிட்டு கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். பள்ளியில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் படையில் இருந்தேன், முகாம் என்றாலே எனக்கு உயிர். மலையேற்றம், கயாக், ராஃப்டிங் எல்லாம் சொல்லிக்கொடுக்கும் பயிற்றுநராக என்ன கோர்ஸ் எடுக்க வேண்டும்? இதெல்லாம் ஒரு வேலையா என்று வீட்டில் கேட்கிறார்கள்."

வேலைதான், தங்கச்சி. நல்ல வேலை. ஆனால் ஒரு கோர்ஸை முடித்து, ஒரு சான்றிதழை வாங்கி, மறுநாள் சேர்ந்துவிடுகிற வேலை இல்லை. தாதிக்கு இருப்பது போல வெளிப்புறப் பயிற்றுநர் என்று ஒரே ஒரு உரிமம் நம் மலேசியாவில் கிடையாது. மலைக்கு ஒரு தாள், ஆற்றுக்கு ஒரு தாள், சுற்றுப்பயணிகளைக் கூட்டிப்போக இன்னொரு தாள் என்று துறை பிரிந்து கிடக்கிறது. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் முதலிலேயே பெரிய பணம் கட்டிக் கோர்ஸ் எடுப்பவர்கள் நிறையப் பேர். அதைச் செய்யாதே. தொழிற்சாலை வேலையையும் இப்போதே விடாதே. முதல் ஒரு வருஷத்துக்கு அந்தச் சம்பளம்தான் உன் பயிற்சிச் செலவைத் தாங்கும்.

முதலில் நீச்சல். உனக்கு நீந்தத் தெரியுமா என்று நீ எழுதவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஆற்றில் விளையாடியே வளர்ந்திருப்பார்கள், ஆனால் முறையாக நீந்தத் தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் தைரியம் இருக்கும், கால் எட்டாத இடத்தில் மூச்சு திணறும். கிந்தாப் பள்ளத்தாக்கு முழுக்க பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள். கரையிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் திடீரென்று ஆழம். அதில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கின்றன. மலைதான் என் பிரிவு, எனக்கு நீச்சல் எதற்கு என்று கேட்காதே. நம் நாட்டில் ஆற்றைக் கடக்காமல் ஏறும் மலை குறைவு. முகாம் என்றாலே பிள்ளைகள் தண்ணீரைத்தான் தேடிப் போவார்கள்.

ஈப்போ உனக்கு அரை மணி நேரப் பயணம், அங்கே பொது நீச்சல் குளம் இருக்கிறது. ஷிஃப்ட் இல்லாத நாளில் போய் முறையாகக் கற்றுக்கொள். நிற்காமல் நீண்ட தூரம் நீந்தவும், துணியோடு மிதக்கவும் வந்துவிட்டால், மலேசிய உயிர்காப்புச் சங்கம் நடத்தும் புரோன்ஸ் மெடாலியன் (வெண்கலப் பதக்கம்) என்ற உயிர்காப்புத் தேர்வுக்குத் தயாராகு. தண்ணீரில் தத்தளிப்பவரை எப்படி அணுகுவது, எப்போது நீ குதிக்கக் கூடாது, கயிறோ மிதவையோ வீசி இழுப்பது எப்படி என்பதெல்லாம் அதில் வரும். எல்லாவற்றையும்விட, "குதிக்கக் கூடாது" என்ற பாடம்தான் உன்னைக் காப்பாற்றும். மூழ்குபவரைக் காப்பாற்றப் போய் இரண்டாவது ஆள் மூழ்குவது நம் ஆறுகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

அடுத்தது முதலுதவி. இங்கே நீ மற்றவர்களைவிட ஒரு படி மேலே நிற்கிறாய், செயின்ட் ஜானில் கட்டுப் போடப் பழகிய கை மறக்காது. ஆனால் அங்கே கற்றது ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்துவிடும் என்ற கணக்கில் கற்றது. காட்டுக்குள் அந்தக் கணக்கு எடுபடாது. கால் பிசகியவரை மூன்று மணி நேரம் சுமந்து வர வேண்டியிருக்கும். மழையில் நனைந்து நடுங்குபவரை இரவு முழுக்க வெதுவெதுப்பாக வைத்திருக்க வேண்டியிருக்கும். வெப்ப நாட்டில் குளிர் கண்டு யாராவது சாவார்களா என்று கேட்பார்கள். ஈர உடையோடு, காற்றடிக்கும் மலை முகட்டில், வெறும் வயிற்றில் ஓர் இரவு உட்கார்ந்தால் தெரியும். காட்டுச் சூழலுக்கென்றே நடக்கும் முதலுதவிப் பயிற்சியில் அடிப்படை வகுப்பு சுமார் 16 மணி நேரம், இரண்டு நாளில் முடிந்துவிடும். அதற்கு மேல் 70, 80 மணி நேர வகுப்பும் உண்டு, ஆனால் அது பிறகு பார்க்கலாம்.

எலிச் சிறுநீர்க் காய்ச்சல் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயிற்றுநர்கள் பலர் இதைச் சொல்லாமல் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் காயத்தில் பட்டால், அல்லது வாய்க்குள் போனால், அந்தக் கிருமி உள்ளே நுழைந்துவிடும். காய்ச்சல் அன்றைக்கே வராது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்து, முகாமையே எல்லோரும் மறந்த பிறகுதான் வரும். தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று சாதாரணக் காய்ச்சல் போலத் தொடங்கும். அதனால் முகாம் முடியும் நாளில் பெற்றோர்களிடம் ஒரு வரி சொல்லி அனுப்பு: "இன்னும் ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், பிள்ளை ஆற்றில் குளித்தது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்." இந்த ஒரு வரி சில நேரம் ஓர் உயிர்.

சரி, இப்போது வேலையை எங்கே கற்பது? கோப்பேங்குக்குப் போ. ஈப்போவைத் தாண்டினால் கோப்பேங். கம்பார் ஆற்றில் ராஃப்டிங் நடத்தும் நிறுவனங்கள் அங்கே இருக்கின்றன, தெம்புருங் குகையும் அந்தப் பக்கம்தான். வார இறுதியில் உதவியாளர் வேண்டும் என்று அவர்கள் தேடிக்கொண்டே இருப்பார்கள். முதல் சில மாதம் படகு தூக்குவாய், தலைக்கவசம் கழுவுவாய், சோற்றுப் பொட்டலம் எண்ணுவாய். அதை மனம் கோணாமல் செய். படகைத் தூக்கும்போதே வழிகாட்டி எந்தப் பாறைக்கு முன்னால் திருப்புகிறார், விளக்கம் சொல்லும்போது யார் முகத்தைப் பார்க்கிறார் என்று கவனித்துக்கொண்டே இரு. செலாங்கூர் பக்கம் போக முடிந்தால் கோல குபு பாருவிலும் இதே தொழில் நடக்கிறது. முகாம் நடத்தும் முறையைப் பார்க்க வேண்டும் என்றால் லுமுட் இருக்கிறது. அங்குள்ள அவுட்வர்ட் பவுண்ட் பள்ளி 1950களிலிருந்து நடக்கிறது, நம் பேராக்கிலேயே இருக்கிறது, நம்மவர்கள் பலருக்குத் தெரிவதில்லை.

போகும் ஒவ்வொரு பயணத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வை. தேதி, இடம், எத்தனை பேர், வானிலை, உன் பொறுப்பு என்ன, என்ன கோளாறு வந்தது, கூட வந்த மூத்த பயிற்றுநரின் கையெழுத்து. பின்னால் எந்தச் சான்றிதழுக்குப் போனாலும் அனுபவம் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். ஜேபிகே எனப்படும் திறன் மேம்பாட்டுத் துறையில், வகுப்பறைக்குப் போகாமல் வேலை அனுபவத்தைக் காட்டித் திறன் சான்றிதழ் பெறும் பிபிடி என்ற வழியும் உண்டு. அதற்கும் இப்படிப்பட்ட ஆதாரம்தான் வேண்டும். தனியார் நிலையம் எதிலாவது எஸ்கேஎம் (மலேசியத் திறன் சான்றிதழ்) வகுப்பு என்று விளம்பரம் பார்த்தால், அந்த நிலையத்துக்கு ஜேபிகே அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்காமல் பணம் கட்டாதே.

இனி இந்த வேலையின் உயிர்நாடிக்கு வருகிறேன். பாறை ஏறத் தெரிந்தவன், வேகமாக ஓடுபவன், நன்றாகத் துடுப்புப் போடுபவன் எல்லாம் நல்ல விளையாட்டுக்காரன். பயிற்றுநர் என்பவள், எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவள். கூட்டிக்கொண்டு போன அத்தனை பேரையும் எண்ணிக் கூட்டி வருகிறவள்.

ஆற்றையே எடுத்துக்கொள். மேலே மலையில் பெய்த மழை, கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது வந்து சேரும். கெப்பாலா ஆயேர் என்று இங்கே எல்லோரும் சொல்வது இதைத்தான். லாசா பக்கம் பிளஸ் ஆற்றோரம் நீ எத்தனையோ தடவை குளித்திருப்பாய், பெரியவர்கள் கத்திக் கூப்பிட்டு மேலே ஏற்றியதும் நினைவிருக்கும். பயிற்றுநரானால் அந்தப் பெரியவர் இனி நீதான். கூட்டத்தோடு ஆற்றோரம் இறங்கியதும், யாரும் தண்ணீரில் கால் வைக்கும் முன்னால், கைக்கு அடங்கும் ஒரு கல்லை எடுத்துத் தண்ணீர் தொட்டும் தொடாமலும் இருக்கும் விளிம்பில் வை. அதன் மேல்பாதி காய்ந்திருக்க வேண்டும். பிறகு சில நிமிஷத்துக்கு ஒரு முறை அந்தக் கல்லைப் பார். காய்ந்த பாதி நனைந்திருந்தால் ஆறு ஏறுகிறது. தெளிந்த தண்ணீர் லேசாகக் கலங்குவது, காய்ந்த இலையும் சுள்ளியும் நுரையும் கூட்டமாக மிதந்து வருவது, ஆற்றின் இரைச்சல் கூடுவது, இதில் ஒன்றைக் கண்டாலும் விசில் ஊது. செருப்பு எடுக்கிறேன், போன் எடுக்கிறேன் என்று யாரும் திரும்பக் கூடாது. எந்தக் கரை பக்கமோ அந்தக் கரையிலேயே மேடேற வேண்டும், கூடாரம் எதிர்க்கரையில் இருந்தாலும் ஆற்றைக் கடக்கக் கூடாது. ஒருவேளை வெள்ளமே வராமல் போகலாம், பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

மேற்குக் கரையில் மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் இடியோடு கட்டிக்கொண்டு வரும், அதிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் அதிகம். ஆற்று வேலையைக் காலையில் முடித்துவிட வேண்டும் என்பது அதனால்தான். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடியற்காலை வானத்தைப் பார்த்து இன்றைக்கு வெட்டு உண்டா இல்லையா என்று சொல்லும் அம்மாவிடம் கேட்டுப் பார், எந்தப் பக்கம் கறுத்தால் எவ்வளவு நேரத்தில் மழை இறங்கும் என்று சொல்வார். அந்த அறிவை உன்னோடு எடுத்துக்கொண்டு வா.

கூடாரம் போடும் இடமும் இதே போலத்தான். 2022 டிசம்பர் 16ஆம் தேதி விடியும் முன்பு பத்தாங் காலி பக்கம் ஒரு முகாம் தளத்தின் மேல் மலைச்சரிவு இடிந்து விழுந்ததில் 31 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் உண்டு. தூங்கிக்கொண்டிருந்தவர்கள். பயிற்றுநர் என்ற பெயரோடு ஓர் இடத்துக்குப் போனால், காட்சி அழகாக இருக்கிறதா என்பது கடைசிக் கேள்வி. மேலே என்ன இருக்கிறது, வெட்டிய சரிவா, நீர் கசிகிறதா, தலைக்கு மேல் காய்ந்த கிளை தொங்குகிறதா, இரவில் வெளியேற வழி எது என்று முதலில் பார்.

தாள்கள் விஷயத்துக்கு வருவோம். மலைதான் உன் விருப்பம் என்றால் வனத்துறையின் மாலிம் குனுங், அதாவது மலை வழிகாட்டிப் பயிற்சி இருக்கிறது. நிலையான வனக் காப்பகங்களுக்குள் போக அனுமதி வேண்டும், 1984ஆம் ஆண்டு தேசிய வனவியல் சட்டம் அதைச் சொல்கிறது. அங்கே கூட்டத்தை வழிநடத்திப் போகும் வழிகாட்டிக்குத்தான் இந்தச் சான்று. நம் ஊருக்கு இது பொருத்தமான வழி. பேராக்கின் உயரமான மலைகள் நம் வாசலில் நிற்கின்றன, கொர்பு மலை 2,183 மீட்டர். சுங்கை சிப்புட்டின் உட்பகுதியில் கோல மூ பக்கம் தெமியார் பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். அந்தக் காட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எந்தக் கோர்ஸிலும் கிடைக்காது. அவர்கள் ஊர் வழியாகப் போகும்போது மரியாதையாகப் போ. அவர்களையே வழிகாட்டியாக வைத்துக் கூலி கொடு. பக்கத்தில் நடந்து கற்றுக்கொள்.

காசு வாங்கிக்கொண்டு சுற்றுப்பயணிகளுக்கு வழிகாட்டினால் 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டத்தின்படி சுற்றுலா அமைச்சின் உரிமம் வேண்டும். இயற்கை இடங்களுக்கான வழிகாட்டிக்குப் பச்சை பேட்ஜ். ராஃப்டிங் என்றால் அனைத்துலக ராஃப்டிங் கூட்டமைப்பின் வழிகாட்டித் தேர்வு, அதோடு ஓடும் நீரில் மீட்புப் பயிற்சி. கயிற்று வேலை, அதாவது பாறை ஏறுதல், கயிற்றில் இறங்குதல், இவற்றுக்குத் தகுதி பெற்றவரிடம் நேரில் கற்க வேண்டும். கயிற்றைப் பாறையில் பிணைக்கும் நங்கூரம் கட்டுவதை யூடியூப் பார்த்துக் கற்றவரோடு ஒருபோதும் வேலை செய்யாதே. இன்னும் படிக்க ஆசை இருந்தால் யுபிஎம் எனப்படும் மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தில் பூங்கா, பொழுதுபோக்கு அறிவியல் பட்டப்படிப்பே இருக்கிறது. கார் லைசென்ஸ் இல்லை என்றால் அதையும் எடுத்துவிடு. விடியற்காலை ஐந்து மணிக்கு ஆற்றங்கரைக்குப் பஸ் கிடையாது.

மனிதர்களைக் கையாள்வதைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். முகாம் என்றால் கத்த வேண்டும், மிரட்ட வேண்டும், சேற்றில் உருட்ட வேண்டும் என்று நினைக்கும் ஃபாசிகள் (முகாம் வழிநடத்துநர்கள்) இன்னும் இருக்கிறார்கள். பிள்ளைகள் பயந்து அடங்குவதைப் பார்த்து ஒழுங்கு வந்துவிட்டது என்று நினைப்பார்கள். எனக்கு அது பிடிக்காது, ஆபத்தும்கூட. பயந்த பிள்ளை தலைசுற்றுகிறது என்று உன்னிடம் சொல்லாது.

பத்து மீட்டர் பாறை விளிம்பில் ஒரு பெண்பிள்ளை நிற்கிறாள் என்று வைத்துக்கொள். கயிறு கட்டியாகிவிட்டது, இறங்க வேண்டும், முட்டி நடுங்குகிறது. கீழே இருபது பேர் "போ, போ" என்று கத்துகிறார்கள். முதலில் கீழே இருப்பவர்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல். அவள் பக்கத்தில் உட்கார், நின்றுகொண்டு பேசாதே. இடுப்புப் பட்டையின் பக்கிளை அவள் கையாலேயே இழுத்துப் பார்க்கச் சொல். கயிற்றில் அவள் எடையை ஒரு முறை சாய்த்து, கயிறு இறுகுவதை உடம்பால் உணரட்டும். பிறகு கேள்: "இரண்டடி இறங்கிப் பார்த்துவிட்டு மேலே வருகிறாயா, இல்லை இன்றைக்குப் போதுமா?" இரண்டுமே சரியான பதில் என்று உன் குரலில் தெரிய வேண்டும். அவள் போதும் என்றால் போதும்தான். மாலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசும்போது அவளைக் காட்டிச் சிரிக்க யாருக்கும் இடம் கொடுக்காதே.

மிதவை உடை (லைஃப் ஜாக்கெட்) விஷயமும் அப்படித்தான். தூரத்தில் நின்று "எல்லோரும் போட்டாச்சா" என்று கேட்டால் "போட்டாச்சு" என்றுதான் பதில் வரும். ஒவ்வொருவராகப் போய் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கு. உடை காது வரை ஏறினால் தளர்வு. தண்ணீரில் உடை மட்டும் மிதக்கும், ஆள் உள்ளே போய்விடும்.

பெண் என்பதால் சரிவருமா என்ற பயம் உன் கேள்விக்குள் இருக்கிறது, நேராகச் சொல்லவில்லை என்றாலும். பெண் பயிற்றுநர்களுக்குப் பஞ்சம் என்பதுதான் உண்மை நிலவரம். பள்ளி முகாமில் பாதிப் பேர் பெண்பிள்ளைகள், அவர்கள் தங்கும் இடத்துக்குப் பொறுப்பாகப் பெண் வேண்டும். முகாம் நடுவில் மாதவிலக்கு வந்துவிட்டால் ஆண் ஃபாசியிடம் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது, வயிற்றுவலி என்று ஓர் ஓரமாக உட்கார்ந்துவிடும். முதலுதவிப் பெட்டியில் நாப்கின் வைத்திருப்பதும், அது இருக்கிறது என்று முதல் நாளே பெண்பிள்ளைகளிடம் சொல்லிவிடுவதும் உன் வேலை. அதே நேரம் உனக்கும் எல்லை வேண்டும். நீ தங்கும் அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, கூட இன்னொரு பெண் ஊழியர் உண்டா என்று வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் கேள். கேட்டதற்கு எரிச்சல்படும் முதலாளியிடம் வேலை வேண்டாம். சிறுவர்களோடு தனி அறையில் தனியாக இருக்கக் கூடாது என்ற விதி ஆண், பெண் எல்லாப் பயிற்றுநருக்கும் பொருந்தும்.

பணம். தொடக்கத்தில் நாள் கூலிதான். பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் மூச்சுவிட நேரம் இருக்காது. நோன்பு மாதத்தில் முகாம்கள் அநேகமாக நின்றுவிடும், ஆண்டு இறுதிப் பருவமழையில் கிழக்குக் கரைப் பக்கம் வேலை குறையும். நல்ல மாதத்தில் வாங்கியதை அந்த மாதங்களுக்காக ஒதுக்கி வைக்காதவர்கள்தான் இரண்டாம் வருஷத்தில் தொழிலை விடுகிறார்கள். முழுநேர வேலை கொடுப்பதாகச் சொன்னால் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பதை மனதில் வை. "சாப்பாடு, தங்கும் இடம் இலவசம், அனுபவம் கிடைக்கும்" என்று அதற்குக் கீழே பேசுவார்கள். நாள் கூலிக்குப் போகும் காலமெல்லாம் பெர்கேசோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் சுயதொழில் பாதுகாப்புத் திட்டத்தில் நீயாகவே சேர்ந்துவிடு. கால் முறிந்தால் மூன்று மாதம் வருமானம் இல்லை என்பது இந்தத் தொழிலில் சாதாரணமாக நடக்கும் விஷயம்.

வீட்டைப் பற்றி. அப்பா அம்மா பயப்படுவது நியாயம். தோட்டத்தில் உடம்பு வலிக்க உழைத்தவர்கள், மகள் ஏசி அறையில் உட்கார வேண்டும் என்று நினைப்பார்கள். வாயால் சொல்லிப் புரியவைக்க முயலாதே. நீ உதவியாளராக இருக்கும் ஒரு பயணத்துக்கு அவர்களைக் கூட்டிப் போ, கரையில் உட்காரட்டும். பிள்ளைகள் உன்னை "அக்கா, அக்கா" என்று சுற்றி வருவதையும், நீ ஒவ்வொரு தோள்பட்டையாக இழுத்துப் பார்ப்பதையும் அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். அப்புறம் வீட்டில் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

நீ கண்ணாடி போடுவதாகவும், அது தடையா என்றும் கடைசியில் கேட்டிருந்தாய். தடையே இல்லை. தலைக்குப் பின்னால் இறுக்கும் பட்டை ஒன்று வாங்கி மாட்டிக்கொள், ஆற்றில் விழுந்தாலும் கண்ணாடி போகாது. பழைய கண்ணாடி ஒன்றை நீர்புகாத பையில் போட்டு எப்போதும் கூட வைத்திரு. மழையில் கண்ணாடி மங்கும்போது துடைக்க ஒரு காய்ந்த துணியும் அதே பையில் இருக்கட்டும்.